முகம் சாட்சியாகுமா? ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் தோற்றமும் குணமும்

2025 நவம்பரில் கியெர்மோ டெல் டோரோ இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. தட்டைத் தலை, கனத்த இமைகள், கழுத்தில் இரண்டு இரும்பு முளைகள் என்று பொம்மைகளிலும் காமிக்ஸிலும், இறந்த உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து உண்டாக்கப்பட்ட அந்தக் கதை உருவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படத்தில் ஒரு குழப்பம் காத்திருந்தது. ஜேக்கப் எலோர்டி நடித்த உருவம் நெடுநெடுவென்று உயரம், வெளிறிய தோல், உடம்பு முழுக்கத் தையல் கோடுகள். ஆனாலும் பார்க்க அழகாகவே இருக்கிறது. இவனைக் கண்டு ஊர் ஏன் அலறுகிறது? மேரி ஷெல்லி எழுதிய மூல நாவலில் அவன் அழகனா, கோரமானவனா?

கோரமானவன்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் எதையும் விளக்காது. கதாசிரியர் ஒரு பாத்திரத்துக்குக் கோரமான முகத்தைக் கொடுக்கும்போது அந்த முகத்துக்கும் உள்ளே இருக்கும் குணத்துக்கும் என்ன உறவு வைக்கிறார்? ஒரே கதை இருநூறு ஆண்டுகளில் நாவலாக, நாடகமாக, படங்களாக மாறும்போது அந்த உறவு எப்படித் தலைகீழாகிறது? இவற்றைப் புரிந்துகொள்ள 18ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவாவைச் சேர்ந்த, ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞன். அவன் உண்டாக்கிய உயிருக்கு நாவலில் பெயரே கிடையாது. இங்கே அவனைப் 'படைக்கப்பட்டவன்' என்று குறிப்பிடுகிறேன்.

முகத்தைப் படிக்கும் கலை

முகபாவம் வேறு, முக அமைப்பு வேறு. கோபத்தில் புருவம் நெரிவதும் வெட்கத்தில் கன்னம் சிவப்பதும் முகபாவம். அது அந்தந்த நேரத்து உணர்ச்சியைக் காட்டும், பெரும்பாலும் சரியாகவே காட்டும். மூக்கின் வளைவு, நெற்றியின் உயரம், தாடையின் அகலம் ஆகியவை அமைப்பு. இவற்றைக் கொண்டு ஒருவர் நேர்மையானவரா, சோம்பேறியா, கொலைகாரரா என்று சொல்லிவிடலாம் என்பது முற்றிலும் வேறு வகையான நம்பிக்கை. சாமுத்திரிகா லட்சணம் என்ற பெயரில் நமக்கு அறிமுகமானதும் இதன் ஒரு வடிவம்தான். ஐரோப்பாவிலும் அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கிய ஒரு நூல் தொட்டே இது உண்டு.

இந்தப் பழைய நம்பிக்கைக்கு அறிவியல் சாயம் பூசியவர் ஜூரிக் நகரத்துப் பாதிரியார் யோஹான் காஸ்பர் லவாட்டர். 1775 முதல் 1778 வரை நான்கு தொகுதிகளாக, ஏராளமான முகப்படங்களோடு அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. உள்ளத்தின் நன்மை தீமை உடலின் அழகிலும் அவலட்சணத்திலும் தெரியும் என்பது அவர் வாதம். படித்தவர்கள் இதை நம்பினார்கள், நம்பி வாழ்க்கை முடிவுகளும் எடுத்தார்கள். 1831இல் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்ட சார்லஸ் டார்வினைத் தலைவர் ஃபிட்ஸ்ராய் கிட்டத்தட்ட வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார். ஃபிட்ஸ்ராய் லவாட்டரின் தீவிர பக்தர். இப்படிப்பட்ட மூக்கு உள்ளவனுக்குப் பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று அவர் சந்தேகப்பட்டதாக டார்வினே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை எழுதிய மேரி ஷெல்லியும் இந்தச் சூழலில் பிறந்தவர்தான். அவர் 1797 ஆகஸ்ட் 30 அன்று பிறந்தார். பதினொரு நாட்களில் தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார். அடுத்த சில நாட்களில் தந்தை வில்லியம் காட்வின், நண்பர் வில்லியம் நிக்கல்சனிடம் குழந்தையைக் காட்டி, தலையையும் முகத்தையும் பார்த்துக் குணம் சொல்லக் கேட்டார். நிக்கல்சனும் பார்த்துச் சொன்னார். பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத தன் முகத்தில் எதிர்காலம் தேடப்பட்ட ஒருவர்தான் பின்னாளில் இந்த நாவலை எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அதில் பல இடங்கள் துலங்கும்.

லவாட்டரை அப்போதே எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கோட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் லிஷ்டன்பெர்க். சிறுவயதிலிருந்தே முதுகு வளைந்தவர். வளைந்த உடம்புக்குள் வளைந்த மனம் என்ற வாதம் யாரைக் குத்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லவாட்டர் நினைத்தபடி இந்தக் கலை வளர்ந்தால், தூக்குக்குரிய குற்றத்தைச் செய்வதற்கு முன்பே பிள்ளைகளைத் தூக்கில் போடத் தொடங்கிவிடுவார்கள் என்று அவர் எழுதினார்.

கதையில் இது எத்தனை விதமாக வேலை செய்கிறது

கதைகளில் முகத்துக்கும் குணத்துக்கும் உள்ள உறவை நான்காகப் பிரிக்கலாம். ஒரே கதையில் இரண்டு மூன்று கலந்தும் வரும்.

1. முகமே சாட்சி. கெட்டவனுக்குத் தழும்பு, கூன், ஒற்றைக்கண். ஆள் திரையில் வந்தவுடனேயே யார் என்று தெரிந்துவிடும். கதாசிரியருக்கு நேரம் மிச்சம்.

2. முகம் ஒரு திரை. அழகான வஞ்சகன், அவலட்சணமான உத்தமன். இது முதல் வகைக்கு எதிரானதுபோலத் தெரியும். ஆனால் முகத்தைப் பார்த்துக் குணம் எதிர்பார்க்கும் பழக்கம் வாசகரிடம் இருந்தால்தான் இந்தத் திருப்பம் பலிக்கும். அதாவது முதல் வகையின் தோளில் ஏறித்தான் இது நிற்கிறது.

3. குணத்துக்கு ஏற்ப முகத்தைத் திருத்துவது. சபிக்கப்பட்ட விலங்கு கடைசியில் அழகிய இளவரசனாகும், தீயவர்கள் உருக்குலைவார்கள். ஆஸ்கார் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவலில் நாயகனின் முகம் அழுக்குப்படாமல் இருக்க, அவன் செய்த பாவமெல்லாம் ஓவியத்தின் முகத்தில் ஏறுகிறது. கடைசியில் கணக்கு நேர்செய்யப்பட்டு முகமும் குணமும் ஒன்றாகிவிடுகின்றன. 2015இல் வந்த ஷங்கரின் 'ஐ' இந்த வகையில் சிக்கிக்கொண்ட படம். உருக்குலைக்கப்பட்ட நாயகனின் வலியை நாம் உணர வேண்டும் என்று கேட்கிற அதே படம், வில்லன்கள் ஒவ்வொருவரையும் உருக்குலைத்து அதையே தண்டனையாகக் காட்டுகிறது. உருக்குலைவது அவமானம் என்ற எண்ணம் படத்தில் கடைசிவரை கேள்விக்கு உள்ளாவதே இல்லை.

4. பார்க்கிறவரைப் பார்ப்பது. முகம் எதைக் காட்டுகிறது என்று கேட்காமல், அந்த முகத்தைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள், அதனால் அந்த ஆள் என்னவானான் என்று கேட்பது. இந்த வகைக் கதைகள் குறைவு. மேரி ஷெல்லியின் நாவல் இந்த வகையைச் சேர்ந்தது.

நாவலில் உண்மையில் நடப்பது

நாவல் 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல், வெறும் 500 பிரதிகளாக வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 18 வயதில் மேரி எழுதத் தொடங்கிய கதை.

படைக்கப்பட்டவனின் முகத்தைப் பற்றிய நேரடி வருணனை இதில் மிகவும் சிறியது. மஞ்சள் தோல் உள்ளிருக்கும் தசைகளையும் நாளங்களையும் மூடியும் மூடாமலும் இருக்கிறது. பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப்போல் வெள்ளைப் பற்கள். அவற்றோடு நீர் கோத்த கண்கள், சுருங்கிய முகம், நேர்க்கோடான கறுத்த உதடுகள். உடல் எட்டடி உயரம். உறுப்புகள் ஒவ்வொன்றையும் அழகாகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று விக்டர் சொல்கிறான். சேர்ந்து உயிர் வந்ததும் பார்க்கச் சகிக்கவில்லை. கழுத்து முளைகளும் தட்டைத் தலையும் நாவலில் எங்கும் கிடையாது.

இனி காட்சிகளைப் பார்ப்போம்.

1. உயிர் வந்த இரவு. கண் திறந்த அந்த நொடியிலேயே விக்டர் அறையைவிட்டு ஓடுகிறான். பிறகு படுக்கையருகே வந்து, திரையை விலக்கி, பல்லைக் காட்டி, கையை நீட்டுகிறான் படைக்கப்பட்டவன். ஒரு பச்சைக்குழந்தை செய்வதும் இதுதான். விக்டர் மறுபடியும் ஓடிவிடுகிறான். அதுவரை படைக்கப்பட்டவன் எந்தத் தவறும் செய்யவில்லை.

2. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். படிக்கும்போது எளிதாகக் கடந்துவிடக்கூடிய பகுதி இது. எனக்கு இது நாவலின் நுட்பமான இடங்களில் ஒன்றாகப் படுகிறது. பேராசிரியர் க்ரெம்பே குள்ளமானவர், கரகரத்த குரல், பிடிக்காத முகம். அதனாலேயே அவர் சொல்லித்தரும் பாடத்தின் மீது விக்டருக்கு விருப்பம் வரவில்லை. பேராசிரியர் வால்ட்மன் கருணை ததும்பும் முகம் உடையவர், இனிமையான குரல். அவர் பேச்சில் மயங்கித்தான் விக்டர் வேதியியலுக்குள் போகிறான், அந்த வழிதான் அவனைப் பேரழிவில் கொண்டுபோய் விடுகிறது. க்ரெம்பே கெட்டவரும் அல்ல, வால்ட்மன் வஞ்சகரும் அல்ல. முகத்தை வைத்து ஆசிரியரைத் தேர்ந்தெடுத்ததுதான் விக்டர் செய்தது. சில ஆண்டுகள் கழித்துத் தான் படைத்த உயிரையும் அவன் அதே அளவுகோலால் அளக்கிறான்.

3. காட்டு வீடு. படைக்கப்பட்டவன் காட்டில் ஒரு குடிலை ஒட்டிய சிறு கொட்டகையில் ஒளிந்துகொள்கிறான். குடிலில் பார்வையற்ற முதியவர் டி லேசி, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. அவர்களும் பசியில் இருப்பது தெரிந்ததும் அவர்களுடைய உணவைத் திருடுவதை நிறுத்திவிடுகிறான். இரவில் விறகு சேர்த்து வைக்கிறான், பனியை அகற்றிப் பாதை போடுகிறான். யார் செய்தது என்று தெரியாத அவர்கள், ஏதோ ஒரு நல்ல ஆவி என்று பேசிக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவரை அவன் செயலை வைத்துத்தான் அவனை அளந்தார்கள், நல்லவன் என்றார்கள்.

பிறகு மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து முதியவரிடம் பேசுகிறான். எனக்குக் கண் தெரியாது, உங்கள் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் பேச்சில் ஏதோ ஒன்று நீங்கள் உண்மையானவர் என்று நம்பவைக்கிறது என்கிறார் டி லேசி. அந்த நேரம் பார்த்து மற்றவர்கள் உள்ளே வருகிறார்கள். அகதா மயங்கி விழுகிறாள், ஃபெலிக்ஸின் காதலி சாஃபி ஓடுகிறாள், ஃபெலிக்ஸ் தடியால் அடிக்கிறான். ஃபெலிக்ஸைக் கிழித்துப்போடும் வலு இருந்தும் படைக்கப்பட்டவன் கை ஓங்காமல் வெளியேறுகிறான்.

4. ஆற்றில் விழுந்த பெண். பெருக்கெடுத்து ஓடும் ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணை அவன் குதித்துக் காப்பாற்றுகிறான். மூச்சு வரவைக்க முயன்றுகொண்டிருக்கும்போது கூட வந்தவன் அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, அவனைத் துப்பாக்கியால் சுடுகிறான்.

5. சிறுவன் வில்லியம். பெரியவர்கள் கெட்டுப்போனவர்கள், ஒரு சின்னக் குழந்தைக்குத் தப்பெண்ணம் இருக்காது, அதை வளர்த்துத் துணையாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறான் படைக்கப்பட்டவன். எதிரே வருகிறான் விக்டரின் தம்பி வில்லியம். அவன் கத்துவது என்ன? நீ ஒரு ராட்சசன், என்னைக் கிழித்துத் தின்னப்போகிறாய் என்கிறான். குழந்தைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? கதைகள்தான். மனிதர்களைத் தின்னும் ராட்சசனை அந்தப் பிள்ளை கதைகளில் கேட்டிருக்கும், முகத்தைப் பார்த்ததும் அந்தக் கதாபாத்திரத்தை அதன்மீது ஒட்டிவிட்டது. கதைகள் எப்படி ஒரு குழந்தையின் பார்வையைப் பழக்குகின்றன என்பதை மேரி ஷெல்லி இரண்டே வரியில் வைத்துவிட்டார். இந்தக் காட்சியின் முடிவில்தான் முதல் கொலை நடக்கிறது.

6. ஜஸ்டின். கொலைப்பழி வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் மீது விழுகிறது. வில்லியம் அணிந்திருந்த பதக்கம் அவள் உடையில் கிடைக்கிறது. அதை அங்கே வைத்தவன் படைக்கப்பட்டவன். உறங்கும் அவளுடைய அழகைப் பார்த்து, இப்படிப்பட்டவர்களின் புன்னகை எனக்கு மட்டும் ஒருநாளும் கிடைக்காது என்ற கசப்பில் வைத்தான். நீதிமன்றத்தில் அவள் முகம் உணர்வின் தீவிரத்தால் இன்னும் அழகாக இருந்தது என்கிறது நாவல். அந்த அழகு அவளைக் காப்பாற்றவில்லை. குற்றமற்றவளைத் தூக்கில் போடுகிறார்கள்.

இதே நேரத்தில் விக்டர் உண்மையான கொலையாளியை எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று பாருங்கள். மின்னல் ஒளியில் அந்த உருவம் தெரிகிறது. அவ்வளவுதான். இப்படியொரு குழந்தையை மனித உருவில் உள்ள எதுவும் கொன்றிருக்காது, இவன்தான் கொன்றான், இந்த எண்ணம் வந்ததே போதுமான நிரூபணம் என்று முடிவுகட்டுகிறான். அவன் முடிவு சரியாகவே இருந்துவிடுகிறது. ஆனால் அந்த முடிவுக்கு அவன் வந்த வழி லவாட்டரின் வழி. பதக்கத்தைப் பார்த்த நீதிபதிகளும் சரி, முகத்தைப் பார்த்த விக்டரும் சரி, யாருமே விசாரிக்கவில்லை.

உள்ளே இருக்கும் குணம் நிலையானதா?

மேலே சொன்ன முதல் மூன்று வகைகளிலும் குணம் என்பது உள்ளே ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. முகம் அதைக் காட்டும், மறைக்கும் அல்லது கடைசியில் அதோடு பொருந்தும். மேரி ஷெல்லி இந்த அடிப்படையையே மாற்றிவிடுகிறார். நான் அன்புள்ளவனாக, நல்லவனாக இருந்தேன், துயரம் என்னைப் பிசாசாக்கியது என்கிறான் படைக்கப்பட்டவன்.

இதனால் அவன் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடாது. ஒரு குழந்தையைக் கொன்றான், ஜஸ்டினைச் சாகவிட்டான், விக்டரின் நண்பனையும் புதுமனைவியையும் கொன்றான். இவை அவனே தேர்ந்து செய்தவை. 'முகம் கோரம், மனசு தங்கம்' என்ற ஆறுதலுக்கு நாவலில் இடமில்லை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் முகம். பிறகு அதற்கு உலகம் கொடுத்த பதில். அப்புறம்தான் குணம் திரிகிறது. தோற்றத்துக்கும் குணத்துக்கும் இந்தக் கதையில் உறவு உண்டு. அந்த உறவை உண்டாக்குகிறவர்கள் சுற்றியிருப்பவர்கள்.

இதை வாசகருக்கு உணர்த்த அவர் கையாண்ட உத்தி கதையின் அமைப்பிலேயே இருக்கிறது. நாவலின் நடுப்பகுதியில் ஆறு அத்தியாயங்கள் படைக்கப்பட்டவனே பேசுகிறான். அச்சடித்த பக்கத்தில் முகம் கிடையாது, குரல் மட்டும்தான். படிக்கிறவர் டி லேசியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆல்ப்ஸ் பனிமலையில் விக்டரைச் சந்திக்கும்போது, தன் கைகளால் விக்டரின் கண்களை மூடி, நீ வெறுக்கும் காட்சியை உன்னிடமிருந்து மறைக்கிறேன், இப்போதாவது கேள் என்கிறான் படைக்கப்பட்டவன். விக்டர் அந்தக் கைகளைத் தட்டிவிடுகிறான். கடைசியில், பனிக்கடலில் விக்டரைக் காப்பாற்றிய கப்பல் தலைவன் வால்டன் படைக்கப்பட்டவனைப் பார்த்ததும் தன்னையறியாமல் கண்களை மூடிக்கொள்கிறான், அப்படி மூடிக்கொண்டதால்தான் அவனால் ஓடாமல் நின்று அவன் பேச்சைக் கேட்க முடிகிறது. விக்டர் அதற்கு முன்பே வால்டனை எச்சரித்திருந்தான்: அவன் பேச்சை நம்பாதே, அவன் உருவம் எவ்வளவு நரகமோ அவன் ஆன்மாவும் அவ்வளவு நரகம்.

மேரி ஷெல்லி இந்தப் பழக்கத்திலிருந்து முழுதாக விடுபட்டவர் என்று சொல்ல முடியாது. 1831இல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் விக்டரின் வருங்கால மனைவி எலிசபெத், ஓர் ஏழைக் குடும்பத்தில் வளரும் ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி. மற்ற நால்வரும் கருவிழி கொண்ட முரட்டுப் பிள்ளைகள். இவள் மட்டும் வெள்ளைத் தோல், பொன்முடி, முகத்தில் தெய்வீகக் களை. விக்டரின் தாய் அவளை மட்டும் தத்தெடுத்துக்கொள்கிறாள். பசியோடு இருந்த மற்ற நாலு பிள்ளைகளைப் பற்றி நாவல் கவலைப்படவில்லை. முகத்தை வைத்து மனிதரை அளக்கக்கூடாது என்று காட்டும் புத்தகத்துக்குள்ளேயே இப்படியொரு அளவை இருப்பது எனக்கு உறுத்துகிறது.

மேடையும் திரையும் செய்த மாற்றம்

நாவலைவிட அதன் தழுவல்கள்தான் மக்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தன. 1823 ஜூலையில் லண்டனில் முதல் நாடகம் மேடையேறியது. நடிகர் டி. பி. குக்கின் பாத்திரத்துக்கு விளம்பரத்தாளில் பெயருக்குப் பதில் ஒரு கோடு மட்டும் போட்டார்கள். மேரி ஷெல்லி போய்ப் பார்த்தார், பெயர் சொல்லாத அந்த முறை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாடகத்தில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. படைக்கப்பட்டவனுக்குப் பேச்சு கிடையாது. ஆறு அத்தியாயக் குரல் போய்விட்டது, முகமும் உடம்பும் மட்டும் மிஞ்சின.

1931இல் ஹாலிவுட்டில் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்திலும் அவனுக்குப் பேச்சு இல்லை. ஜாக் பியர்ஸின் ஒப்பனையில், போரிஸ் கார்லாஃப் நடிப்பில் உருவான அந்த முகம்தான் இன்றுவரை உலகம் அறிந்த முகம். படத்தின் இரண்டு மாற்றங்கள் நம் விஷயத்துக்கு முக்கியம்.

முதலாவது மூளை. கூனல் முதுகுக்காரனான உதவியாள் ஃபிரிட்ஸ், மருத்துவக் கல்லூரியில் மூளை திருடப் போகிறான். நல்ல மூளை இருந்த ஜாடி கைதவறி உடைந்துவிட, குற்றவாளி ஒருவனின் கோளாறுள்ள மூளையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நாவலில் இது இல்லவே இல்லை. இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளிகள் உண்டு, அவர்களை மண்டையையும் முகத்தையும் கொண்டே அடையாளம் காணலாம் என்று வாதிட்டிருந்தார். அந்த எண்ணம் இங்கே ஜாடியில் அடைபட்டுத் திரைக்கதைக்குள் நுழைந்துவிட்டது. அவன் கொல்வது மூளைக் கோளாறினால் என்று ஆனபிறகு, படைத்தவன் அவனைக் கைவிட்டதற்கும் ஊர் அவனை அடித்ததற்கும் பொறுப்பே இல்லாமல் போகிறது.

இரண்டாவது தண்ணீர். நாவலில் அவன் ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றுகிறான். படத்தில் ஏரிக்கரையில் மரியா என்ற சிறுமி பயப்படாமல் அவனோடு விளையாடுகிறாள், இருவரும் பூக்களை நீரில் மிதக்கவிடுகிறார்கள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட, அவள் மூழ்கிவிடுகிறாள். காப்பாற்றியவன் கொன்றவன் ஆகிவிட்டான். இந்தக் காட்சியின் முக்கியப் பகுதியைத் தணிக்கையில் வெட்டினார்கள். அவன் சிறுமியை நோக்கிக் கை நீட்டுகிறான், அடுத்து அவள் பிணம் வருகிறது, நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவர்களின் கற்பனைக்கு விட்டாயிற்று. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எதைக் கற்பனை செய்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1980களில்தான் வெட்டிய பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் கார்லாஃபின் கைகளும் கண்களும் இரக்கத்தைக் கேட்கின்றன. ஒரு பெரிய நடிகர் திரைக்கதையை மீறிச் சாதித்தது அது. 1935இல் வந்த தொடர்ச்சியில் பேச்சும் திரும்பக் கிடைத்தது, பார்வையற்ற முதியவரும் வந்தார்.

சரி, 2025 படம்? படைக்கப்பட்டவன் தன் கதையைத் தானே சொல்லும் பகுதியை டெல் டோரோ மறுபடி கொண்டுவந்தார். அது பெரிய நியாயம். ஆனால் முகத்தை அழகாக்கியதில் ஒரு விலை கொடுத்திருக்கிறார். நாவல் வாசகரிடம் கேட்பது, உங்கள் கண் அருவருக்கும் ஒருவனிடம் உங்களால் நீதியாக நடக்க முடியுமா என்பது. எலோர்டியின் முகத்தைப் பார்க்கும்போது அந்தச் சோதனை நமக்கு வைக்கப்படுவதில்லை. விக்டரின் கொடுமை தெளிவாகத் தெரிகிறது, நம் பக்கம் சுத்தமாக இருக்கிறது. அழகானவனுக்கு இரங்குவது எளிது, லவாட்டரே இரங்கியிருப்பார்.

திரைக்கு வெளியே

இது இலக்கிய ரசனையோடு முடிந்துபோகும் விஷயம் அல்ல. 1972இல் கேரன் டயன், எலன் பெர்ஷைட், எலைன் வால்ஸ்டர் ஆகிய மூன்று உளவியலாளர்கள் மாணவர்களிடம் அறிமுகமில்லாதவர்களின் புகைப்படங்களைக் கொடுத்து அவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அழகானவர்களுக்கு நல்ல குணமும் மகிழ்ச்சியான வாழ்க்கையும் இருக்கும் என்றே மாணவர்கள் மதிப்பிட்டார்கள். 2006இல் வில்லிஸ், டோடரோவ் இருவரும் செய்த ஆய்வில் ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே நம்பத்தக்கவரா இல்லையா என்று மக்கள் முடிவுகட்டிவிடுவது தெரிந்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அந்த முடிவின் மீது நம்பிக்கைதான் கூடியது.

இந்தப் பழக்கத்துக்குத் திரை தீனி போடுகிறது. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பட்டியலில் முதல் பத்து வில்லன்களையும் முதல் பத்து நாயகர்களையும் எடுத்துத் தோல் மருத்துவர்கள் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. வில்லன்களில் 6 பேருக்கு முகத்திலோ தலையிலோ தழும்பு, வழுக்கை, மரு என ஏதோ ஒரு தோல் குறை இருந்தது. நாயகர்களில் ஒருவருக்கும் குறிப்பிடத்தக்க குறை இல்லை.

இயந்திரங்களுக்கும் இது தொற்றியிருக்கிறது. 2016இல் சீனாவில் இரண்டு ஆய்வாளர்கள் 1856 முகப்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, முகத்தை வைத்தே குற்றவாளியைக் கண்டறிய முடிவதாக அறிவித்தார்கள். குற்றமற்றவர்கள் என்று வைக்கப்பட்ட படங்களில் வெள்ளைக் காலரும் புன்னகைச் சாயலும் இருந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். கணினி கற்றது சட்டையையும் முகபாவத்தையும்தான் என்பது அவர்கள் வாதம்.

பிரிட்டனில் முகத்தில் தழும்போ வேறுபாடோ உள்ளவர்களுக்காக இயங்கும் 'சேஞ்சிங் ஃபேஸஸ்' அமைப்பு, நான் உங்கள் வில்லன் அல்ல என்ற முழக்கத்தோடு 2018இல் ஓர் இயக்கம் தொடங்கியது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதை ஏற்று, முகத்தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று அறிவித்தது. எல்லோரும் இதைப் பின்பற்றவில்லை. 2021இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் வில்லன் முகத்திலும் தழும்பு இருந்தது.

வில்லனின் தழும்பை அழித்துவிட்டால் முதல் வகைக் கதை குறையும். ஆனால் தழும்புள்ள முகமே திரையில் இல்லாமல் போய்விடும் ஆபத்தும் அதில் உண்டு. அதே கழகத்தின் ஆதரவோடு 2019இல் வெளிவந்த 'டர்ட்டி காட்' இதற்கு வேறு வழியைக் காட்டியது. முன்னாள் காதலனின் ஆசிட் வீச்சுக்கு ஆளான ஓர் இளம் தாயின் கதை அது. நாயகியாக நடித்த விக்கி நைட் சிறுவயதில் தீக்காயம் பட்டவர், தழும்புகள் அவருடைய சொந்தத் தழும்புகள். நாவலில் மேரி ஷெல்லி முகத்தை மறைத்துக் குரலைக் கேட்கவைத்தார். கேமராவால் முகத்தை மறைக்க முடியாது, அதனால் இந்தப் படம் அந்த முகத்திலேயே தங்குகிறது. முதல் சில நிமிடங்கள் தழும்பைத்தான் பார்க்கிறோம். அப்புறம் அவள் குழந்தையோடு படும் பாடு, வேலை, ஆசை, கோபம், அவள் எடுக்கும் தவறான முடிவுகள் என்று கவனம் போய்விடுகிறது.